தொட்டால் குளிராத பை

மார்ச் 4, செவ்வாய்

இன்று போட்டது எட்டாவது பை. பதினொன்று பத்துக்குக் கொண்டுவந்தார்கள். புது சிஸ்டர் அதைக் கம்பியில் மாட்டுவதற்கு முன் என் கை மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பிளாஸ்திரி தேடினாள். அப்போதுதான் தெரிந்தது. பை குளிரவில்லை. யாரோ அப்போதுதான் கழற்றிப் போட்ட சட்டை போல ஒரு வெதுவெதுப்பு.

போன மாதம் பக்கத்து நாற்காலி லாரிக்காரருக்குச் சிவப்பு ரத்தப் பை எப்படி வந்தது? வியர்த்துக்கொண்டு வந்தது. தொட்டால் விரல் மரத்தது. அது சரக்கு. என் மஞ்சள் பைக்கு மட்டும் ஏன் அந்தக் கவனிப்பு இல்லை?

முப்பத்தெட்டு வருடம் குளிர்க்கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கியவன் நான். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தால், அறையை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று விரலே சொல்லும்.

பாதிப் பை இறங்குவதற்குள் காதுக்குப் பின்னால் அரித்தது. அப்புறம் கழுத்து, அப்புறம் வயிறு. பூரான் ஊர்ந்த தடம் போலத் தடிப்பு தடிப்பாக எழும்பியது. புது சிஸ்டர் ஓடிவந்து பையை நிறுத்தி ஊசி போட்டாள். அரை மணி நேரம் முன்னால் அதற்கென்றே ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தாள். மாத்திரை விழுங்கியும் அரித்தது என்றால் என்ன அர்த்தம்?

இந்த நோட்டை டாக்டரம்மா கொடுத்தார். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் எனக்கு வற்றிக்கொண்டு வருகிறதாம். ரத்தத்தை உறைய வைக்கும் அணு, பிளேட்லெட் என்கிறார்கள், அது சொந்தமாக ஊறுவதில்லை. அதனால் செவ்வாய்தோறும் பிறத்தியார் கொடுத்தது ஒரு பை. அது இல்லாவிட்டால் பல் தேய்த்தாலே ரத்தம் நிற்காது. பை போட்ட பிறகு உடம்புக்கு என்ன ஆகிறது என்று தேதி போட்டு எழுதச் சொன்னார்.

எனக்கு எழுத்து வராது. எண் மட்டும் தெரியும். பெட்டி எண்ணும் தேதியும் தெரியாதவனைக் கிடங்கில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்ல இவள் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். நான் அரிக்குது என்றால் அரிக்கிறது என்று திருத்திப் போடுவாள். திருத்தட்டும். ஆனால் எதையும் விடக் கூடாது. முடிந்ததும் வாசிக்கச் சொல்வேன். ஒரு சொல் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

“கட்டின பொண்டாட்டி மேலயுமா சந்தேகம்?” என்றாள். உன் மேல் இல்லை, பேனா மேல் என்றேன்.

மார்ச் 5, புதன்

தடிப்பு அடங்கிவிட்டது. சந்தேகம் அடங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எட்டுப் பைகளையும் மனதில் வரிசையாக இறக்கி வைத்துப் பார்த்தேன். பையின் ஒட்டுத்தாளில் இரண்டு தேதி இருக்கும். மேலே ரத்தம் எடுத்த தேதி, கீழே சரக்கு முடிகிற தேதி. நடுவே ஐந்தே நாள்.

ஜனவரி 14-ல் போட்டது 17 வரை தாங்குவது. ஒன்றும் செய்யவில்லை. 21-ல் போட்டது அன்றைக்கே முடிகிற சரக்கு. கழுத்தில் அரிப்பு. 28-ல் வந்தது 31 வரை. நன்றாகத் தூங்கினேன். பிப்ரவரி 4, புத்தம் புதுசு, 8 வரை தாங்கும். சுகம். 11-ல் போட்டது 12-ல் முடிவது. வயிறெல்லாம் தடிப்பு. 18-ல் போட்டது 18-ல் முடிவது. அன்றைக்குத் தொண்டைகூட இறுகியது. இப்போது நாலாம் தேதி போட்டது ஐந்தாம் தேதி முடிவது. அது பட்டபாடு மேலே எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 25 மட்டும் வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது. அதுவும் அன்றைக்கே முடிகிற சரக்குதான். ஆனால் ஒரு சொறி இல்லை. அதை விடு என்றேன். “விடவா, எழுதவா?” என்றாள். சரி, எழுது.

என் எண்ணம் இதுதான். கடைசி நாள் சரக்கைக் கேள்வி கேட்காதவன் தலையில் கட்டுகிறார்கள். கிழவன், படிக்காதவன், என்ன தெரியப்போகிறது என்று. அதையும் குளிரில் வைக்காமல் எங்கேயோ போட்டு வைக்கிறார்கள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறாள். தெரியாமல் என்ன? நானே செய்திருக்கிறேன்.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும். அது கிடங்குச் சட்டம். ஆனால் பெரிய கடைக்காரன் தேதி பார்த்து வாங்குவான், பழசு என்றால் திருப்பி அனுப்புவான். திரும்பி வந்த பெட்டிகளை ரயில் பட்டறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாவுக்கு அனுப்புவேன். அவள் தேதி பார்க்க மாட்டாள். வண்டியைக் கண்டதும், வந்துட்டியாப்பா என்று சிரிப்பாள். பதினொரு வருடம் அவளுக்குக் கடைசி நாள் சரக்குதான்.

ஒரு மழைக்காலத்தில் ஏழு மணி நேரம் மின்சாரம் இல்லை. உள்ளே சூரை மீன் பதினான்கு பெட்டி. நாற்றம் இல்லை, கண் மங்கவில்லை, செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. அனுப்பினேன். அன்று அவள் கடையில் சாப்பிட்ட ஒன்பது பேருக்கு முகம் சிவந்தது, உடம்பெல்லாம் தடித்தது, நெஞ்சு படபடத்தது. சில மீன் அப்படி. குளிர் விட்டுப்போனால் மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும்.

சமையலில் குறை என்று கிடங்கு முதலாளி கைகழுவிவிட்டார். கடையை மூடினார்கள். அவள் மறுபடி திறக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

இவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இத்தனை வருடத்தில் இதை எனக்குச் சொன்னதில்லையே என்றாள். இப்போது சொல்லிவிட்டேன், எழுது என்றேன். தான் திருடி பிறரை நம்பாள் என்று முணுமுணுத்தாள். அதையும் எழுதச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெண் தொலைபேசியில் பேசினாள். ஆஸ்பத்திரியில் யாரோடும் சண்டை போடாதீங்கப்பா என்கிறாள். நான் எப்போது சண்டை போட்டேன்? கேள்விதான் கேட்பேன். “அவர் கேட்டாலே எதிராளிக்குச் சண்டை வந்துடும்” என்று இவள் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

இன்னொன்று ஞாபகம் வந்தது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் புது சிஸ்டர் பையை ஜன்னல் பக்கம் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறாள். எதைக் கலக்குகிறாள்? அடியில் எதுவோ தங்கிப்போய் இருக்கிறது என்றுதானே பொருள்?

மார்ச் 11, செவ்வாய்

பை போடவில்லை. இரண்டு மஞ்சள் பை கெட்டுவிட்டது என்றார்கள், என்னுடையதும் லாரிக்காரருடையதும். என்னுடையது இன்றோடு முடிவது. அவருடையது 14 வரை தாங்குவது. பார்த்தாயா?

வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இவள் பேனாவை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்றேனே.

மார்ச் 12, புதன்

காலையில் வாய் கொப்பளித்தால் ரோஜா நிறம். மத்தியானம் சிவப்பு. முழங்காலில் எங்கேயும் இடிக்காமலே கத்திரிக்காய் அளவு நீலம். நாளைக்கே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி.

லாரிக்காரருக்கு நேற்று மூக்கில் ரத்தம் நிற்கவில்லையாம். வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பை வந்து சேரச் சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டதாம். அவர் மனைவி இவளிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். இவள் என்னிடம் சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

கஞ்சி ஆறிப்போகிறது என்றேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று பை போட்டார்கள். 15 வரை தாங்குவது. அரிப்பு இல்லை. போட்டது தலைமை சிஸ்டர். புது சிஸ்டரைக் காணோம்.

கேட்டேன். செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு பையையும் அவள் வார்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்துக் கெடுத்துவிட்டாளாம். இந்தப் பையைக் குளிரில் வைத்தால் அவ்வளவுதான், உடம்பில் ஏற்றக் கூடாதாம். கேட்டால் நான் வைக்கவேயில்லை என்று சாதிக்கிறாளாம். “பின்ன, பைக்குக் கால் முளைச்சு நடந்துபோய் உள்ள உக்காந்துச்சா?” என்றார் தலைமை சிஸ்டர். அவளை வார்டை விட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, நிரந்தரம் ஆகவில்லை, அதனால் அனுப்பிவிடுவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடு என்றேன்.

எழுது. பைகளைக் குளிர்பெட்டியில் வைத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை இவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். லாரிக்காரரை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். இரண்டு பையும் என் பக்கத்துத் தட்டில் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். இரண்டும் வெதுவெது. எங்கே வைத்திருந்தீர்கள் சிஸ்டர் என்று கேட்டேன். “வெளியிலதான் ஐயா. ராத்திரி பகலா ஆட்டிக்கிட்டே இருக்கும்” என்றாள். சரக்கை யாராவது ஆட்டிக்கொண்டே வைப்பார்களா? பச்சைப் பொய் என்று நினைத்தேன். அதற்குள் அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நாலு எட்டில் குளிர்பெட்டி. எனக்கு அந்தச் சூரை மீன்தான் கண்ணில் நின்றது. கொஞ்ச நேரமாவது குளிர்ந்தால் விஷம் ஏறாமல் இருக்கும் என்று இரண்டையும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் உள்ளே அடுக்கினேன். அவர்களே வந்து பார்த்து, பெரியவர் புத்திசாலி என்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

தலைமை சிஸ்டர் ஊசி மருந்து எடுக்கத் திறந்து பார்த்துவிட்டு, ரெண்டும் போச்சு என்று போட்ட கூச்சலில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இவள் பேனாவை வைத்துவிட்டாள். ஒன்றுதான் கேட்டாள்.

“லாரிக்காரரோடதையுமா?”

அவர் சரக்கும் கெடக் கூடாதே என்றுதான் செய்தேன். சொன்னேன். சொன்ன பிறகு என் காதுக்கே அது நன்றாக இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இவள் சாப்பாடு போட்டாள். பேசவில்லை. இதை எழுது என்று மட்டும் சொன்னேன், எழுதுகிறாள்.

மார்ச் 15, சனி

குளிரில் வைத்தால் கெடுகிற சரக்கு உலகத்தில் உண்டா என்று காலையில் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசாதவள் வாயைத் திறந்து, “வாழைப்பழம்” என்றாள்.

வாழைப்பழம் சரி. ஆனால் என் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போய், கீழ்த்தளத்தில் ரத்த வங்கிக் கதவைத் தட்டினோம். அங்கே இருக்கிறவர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பெரியவர், நோயாளி, தன் பை எங்கே இருக்கிறதென்று பார்க்க ஆசைப்படுகிறார் என்று இவள்தான் பேசினாள். உள்ளே விடவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினார்.

கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி. உள்ளே தட்டு தட்டாக மஞ்சள் பைகள் படுத்திருந்தன. எல்லாத் தட்டும் ஒரே சீராக இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது. தூளி ஆட்டுவது போல. மேலே எண் 22. ஆட்டம் நின்றால் மணி அடிக்குமாம்.

சிஸ்டர் பொய் சொல்லவில்லை.

அவர் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். இந்த அணுவுக்குக் குளிர் பட்டால் உருவம் மாறி முள் முளைத்துவிடும். அப்புறம் அது உடம்புக்குள் போனாலும் உடம்பே அதைப் பிடித்து அழித்துவிடும். அசையாமல் வைத்தாலும் மூச்சு முட்டிப் புளித்துப்போகும். பைக்குள் அது உயிரோடு இருக்கிறது. சர்க்கரை தின்கிறது, கழிவு விடுகிறது. நாளாக ஆக என்னென்னவோ அந்த மஞ்சள் நீரில் கசிகிறது. நல்ல பையை வெளிச்சத்தில் சாய்த்தால் உள்ளே புகை சுழல்வது போலத் தெரியும். குளிர் பட்ட பையில் அந்தச் சுழல் செத்துவிடும். அதைத்தான் சிஸ்டர்கள் தூக்கிப் பார்க்கிறார்கள்.

அப்போ பழசு பழசுதானே, ஏன் எனக்கு மட்டும் கடைசி நாள் பை, லாரிக்காரருக்குப் புதுசு என்று மடக்கினேன்.

“அவர் குரூப் வேற, உங்க குரூப் வேற. அவங்கவங்க குரூப்புக்கு ஒரு வரிசை. எந்த வரிசையா இருந்தாலும் முதல்ல வந்ததுதான் முதல்ல போகும் பெரியவரே. இது உங்களுக்கு எங்க புரியப்போகுது” என்றார்.

புரிந்தது. அந்தச் சட்டத்தை நான் ஒருத்திக்கு மட்டும் பதினொரு வருடம் மீறினேன். இவர்கள் யாருக்கும் மீறவில்லை.

திரும்பும் வழியில், திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போகணும் என்று இவள் கேட்டாள். நான் இன்னும் சொல்கிறேன் என்றே சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கிழவனுக்கு இனி பை கிடையாது என்று எழுதிவிட்டால்? பை இல்லாமல் நான் எத்தனை செவ்வாய் தாங்குவேன்? இவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதானே கேட்கிறாள்.

பத்து மணிக்கு என்றேன்.

மார்ச் 17, திங்கள்

கண்காணிப்பாளர் அறை. அவர், தலைமை சிஸ்டர், டாக்டரம்மா. புது சிஸ்டர் சுவர் ஓரமாக நின்றாள். நாலு நாளில் முகம் பாதியாகியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும், இது இப்போ எதுக்கு வருது என்கிற மாதிரி பார்த்தாள்.

சொன்னேன். நின்றபடியே சொன்னேன்.

நம்பவில்லை. அதை நான் எதிர்பார்க்கவேயில்லை. கண்காணிப்பாளர் முன்னால் சாய்ந்து, “உங்களை யார் பெரியவரே இப்படிச் சொல்லச் சொன்னாங்க?” என்றார். புது சிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் வீட்டார் வந்து பேசினார்களா, உங்கள் மேல் அவள் பிரியமாக இருப்பாளா என்றெல்லாம் கேட்டார். ஆயுசு முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவனை ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு சந்தேகப்படுகிறார். அது எப்படி அரிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு ஊசி கிடையாது.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது தட்டு. இன்சுலின் பெட்டிக்குப் பின்னால். இரண்டு பையும் ஒட்டுத்தாள் கீழே பார்த்தபடி. இடப்பக்கம் லாரிக்காரருடையது, கடைசி நாலு எண் 4460. வலப்பக்கம் என்னுடையது, 4417. கதவில் பச்சை எண் 4 காட்டியது, நான் மூடும்போது 5. கதவு ஓர ரப்பர் கீழ் முனையில் ஒரு விரல் அகலம் கிழிந்திருக்கிறது. அதை மாற்றிவிடுங்கள், குளிர் கசியும்.

தலைமை சிஸ்டர் தன் அறிக்கையைப் புரட்டினார். ஒட்டுத்தாள் கீழே பார்த்து இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லையாம், அறிக்கையில் மட்டும்தான் எழுதியிருந்தாராம். கண்காணிப்பாளர் அதை வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

அப்புறம் எனக்குத் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். பையைத் தனியாக விட்டுப் போனது தப்பு என்று புது சிஸ்டருக்கும் ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். ஆனால் நாளையிலிருந்து வார்டுக்கு வரலாம் என்றார்கள். அவள் வெளியே போகும்போது, என்னைத் தாண்டி நின்று, “என்கிட்ட கேட்டிருக்கலாமே ஐயா” என்றாள். கேட்டேனே, நீ சொன்னதை நம்பவில்லையே என்று எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா மட்டும் என்னை விடவில்லை. எல்லாப் பையும் இப்படி ஞாபகம் இருக்கா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து நீட்டிவிட்டாள். மார்ச் ஏழாம் தேதிப் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். மீன் பகுதியையும்தான். எனக்குத் தரையைத் தவிர பார்க்க இடம் இல்லை.

“மீன்ல நீங்க கண்டுபிடிச்சது சரிதான். கிட்டத்தட்ட அதே மாதிரி சில பொருள் இந்தப் பையிலயும் நாளாக ஆகச் சேரும். சில உடம்பு தாங்கும், சில உடம்பு தாங்காது. ஆனா இந்த பிப்ரவரி இருபத்தஞ்சு இருக்கு பாருங்க, அதனாலதான் அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தம் கொடுத்தவங்களைப் பொறுத்தும் மாறும்” என்றார்.

பழசு மேல் மட்டும் பழி போட முடியாது, ஆனால் அந்த மஞ்சள் நீர்தான் எனக்கு ஆகவில்லை என்று தோன்றுகிறதாம். அதனால் இனிமேல் அணுவை மட்டும் வைத்துக்கொண்டு நீரைக் கழுவி எடுத்துவிட்டு, வேறு நீர் ஊற்றித் தருவார்களாம். கழுவினால் கொஞ்சம் சேதாரம் ஆகும், பரவாயில்லை என்றார். ஏற்பாடு செய்ய ஒரு வாரம்.

என் பை நிற்கவில்லை. வெளியே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

அணுவின் எண்ணிக்கை தாங்குகிறது, இன்று பை வேண்டாம் என்றார்கள். இருந்தாலும் வார்டுக்குப் போனேன். லாரிக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “நான் சாப்பிடப் போன நேரத்துல என் வண்டிச் சரக்குல கை வச்சவனை நான் சும்மா விட்டதில்லை பெரியப்பா” என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து ஆயாவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார்.

சாப்பாட்டுக் கடை அம்மா இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பாள். அந்தப் பட்டறைப் பக்கம் நான் முப்பது வருடமாகப் போகவில்லை. விசாரித்துப் பார்க்கலாமா என்று இவளிடம் கேட்டேன். முதலில் நடக்கத் தெம்பு வரட்டும், ரெண்டு பேருமாப் போவோம் என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

கழுவிய பை வந்தது. புது சிஸ்டர்தான் கொண்டுவந்தாள். தட்டில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். அது எனக்குப் புரிந்தது, வருத்தம் இல்லை.

ஜன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும், பால் விட்ட தண்ணீரில் பட்டு நூல் மிதப்பது போல ஒரு சுழல். உயிர் இருக்கிறது.

எண் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். தலைமை சிஸ்டர் ஒட்டுத்தாளை வாசித்தார், புது சிஸ்டர் சீட்டைப் பார்த்தாள். நானும் என் பங்குக்குப் பார்த்தேன். பழக்கம் விடாது. கீழே இன்றைய தேதி. பக்கத்தில் நேரமும் போட்டிருந்தது. 14:20. கழுவிய பை நாலு மணி நேரம்தானாம், அதற்கு மேல் தாங்காது.

அப்போது மணி பதினொன்று ஐந்து. முப்பத்தெட்டு வருடத்தில் மூன்று மணி நேரத்தில் முடிகிற சரக்கை நான் அந்த அம்மாவுக்குக்கூட அனுப்பியதில்லை.

“என்னய்யா, தேதியில ஏதாவது இருக்கா?” என்றாள் புது சிஸ்டர்.

மாட்டும்மா என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. லாரிக்காரர் ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் பை முடிந்ததும் அங்கிருந்தே, அரிக்குதா என்று கையால் சொறிவது போலச் சைகை காட்டிக் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

இவ்வளவுதான் இன்றைக்கு. வாசிக்க வேண்டாம், மூடி வை என்று சொல்லிவிட்டேன்.

வாசிக்க வேண்டாம் என்றதால் இதை நானாக எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று முறை அவர் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டேன். சிவப்பு இல்லை. நாலாவது முறை போனபோது, “உனக்கு என்னடி அவ்வளவு சந்தேகம்?” என்று கேட்கிறார்.